திருச்சி ஏர்போர்ட்டின் சாவி யாரிடம்?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. கடையிலும் பட்டறையிலும் பூஜையை முடித்துவிட்டு, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்களை அன்று சாயங்காலம் டி.வி. அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. திருச்சியிலிருந்து 5.40 மணி வாக்கில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் ஊரைச் சுற்றியே வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளே 140 பேருக்கு மேல். எரிபொருள் கரைந்து எடை குறைந்தால்தான் பத்திரமாக இறங்க முடியும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்தச் சுற்றல். போனில் விமானத்தின் பாதையைத் தேடிப் பார்த்தவர்களுக்கு, நூல்கண்டைப் பிரித்துப் போட்டது போலக் கோடுகள் தெரிந்தன. 8.15 மணி வாக்கில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. எல்லோரும் பத்திரம். தமிழ்நாடே மூச்சு விட்டது.

எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில், கீழே தரையில் நடந்தது இன்னொரு கதை. விமான நிலையத்தின் தீயணைப்பு வண்டிகள் ஓடுதளத்தை ஒட்டி நின்றன. ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டின. மாவட்ட நிர்வாகம் விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. சென்னையில் முதல்வர் அதிகாரிகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் ஒரு புத்தகம். ஒவ்வொரு பொது விமான நிலையத்துக்கும் அவசரகாலத் திட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்கும். அது இல்லாமல் உரிமமே கிடைக்காது. விபத்து என்றால் கட்டுப்பாட்டுக் கோபுரம் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வாசலைத் திறக்க வேண்டும், காயம்பட்டவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதுவரை அதில் இருக்கும். தீயணைப்பு வண்டி ஓடுதளத்தின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவில் ஒத்திகை பார்க்க வேண்டும். அவ்வப்போது ‘விமான நிலையத்தில் தீ, பயணிகள் ஓட்டம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து, பிறகு ‘அது ஒத்திகையாம்’ என்று இன்னொரு செய்தி வருமே, அதுதான்.

ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரியும். சாதாரண நாளில்தான் சிக்கல். ஓடுதளம் எப்போது நீளும், புது ஊருக்கு விமானம் எப்போது வரும், பார்க்கிங்கில் இவ்வளவு ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், யாரிடம் கேட்பது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு வாசல், எத்தனை இலாகா?

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகனை வழியனுப்ப வேன் பிடித்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு டப்பா, ஊறுகாய், திருநீறு எல்லாம் பெட்டிக்குள். அவர் வந்து சேர்ந்த நெடுஞ்சாலை விமான நிலையத்துடையது கிடையாது. வேனை நிறுத்திய இடத்தில் காசு வாங்குபவர் ஒப்பந்ததாரரின் ஆள். வாசலில் துப்பாக்கியோடு பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்ப்பவர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, அதாவது சி.ஐ.எஸ்.எஃப். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அவர் எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதியை எழுதுவது பி.சி.ஏ.எஸ். எனும் விமானப் பாதுகாப்புப் பிரிவு. இது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தது.

அம்மா வாசலோடு நின்றுவிடுகிறார். மகன் உள்ளே போகிறான். பெட்டியை எடை போடுவது விமான நிறுவனம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது குடிவரவுத் துறை, மறுபடியும் உள்துறை. சுங்கம் நிதி அமைச்சகம். திரும்பி வரும்போது காய்ச்சல், தொற்று என்று ஏதாவது இருந்தால் பார்ப்பது சுகாதார அமைச்சகத்தின் ஆட்கள். விமானிக்கு மழையும் காற்றும் சொல்வது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழுள்ள வானிலைத் துறை. கட்டடம், ஓடுதளம், கட்டுப்பாட்டுக் கோபுரம், உள்ளே இருக்கும் தீயணைப்பு நிலையம் ஆகியவைதான் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துடையவை.

இந்த ஆணையம் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி 1995 ஏப்ரல் 1-ல் பிறந்தது. அதுவரை சென்னை மாதிரியான பெரிய பன்னாட்டு நிலையங்கள் ஓர் ஆணையத்திடமும், திருச்சி, மதுரை போன்றவை வேறோர் ஆணையத்திடமும் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். தலைமையிடம் டெல்லி. தெற்கு மண்டல அலுவலகம் சென்னை. திருச்சியில் இருக்கும் விமான நிலைய இயக்குநர் இந்த ஆணையத்தின் அதிகாரி. அன்றாட நிர்வாகம் அவர் கையில். பெரிய செலவு, புது ஓடுதளம், புது டெர்மினல் என்றால் கோப்பு சென்னை வழியாக டெல்லிக்குப் போக வேண்டும். கல்யாண மண்டப மேனேஜரிடம் போய் மண்டபத்தை இடித்துப் பெரிதாகக் கட்டச் சொன்னால் அவர் என்ன செய்வார்? முதலாளியைக் கைகாட்டுவார். அதேதான்.

வாசலில் யார் நிற்பது என்பதற்கும் வரலாறு உண்டு. 1976-ல் ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்ட பிறகு, 1978-ல் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். 1985-ல் கனிஷ்கா விமானம் வெடித்த பிறகு, 1987-ல் அது தனித் துறையானது. 1999 டிசம்பரில் காந்தஹார் கடத்தல் நடந்தது. அதுவரை ஏர்போர்ட் வாசலில் நின்றது அந்தந்த மாநிலப் போலீஸ். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு ஊராக சி.ஐ.எஸ்.எஃப். வந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு துயரத்துக்குப் பிறகு சேர்ந்தது. அதனால்தான் கட்டடம் ஒன்றாகவும் அதிகாரம் ஒன்பதாகவும் இருக்கிறது.

இதன் விளைவைத் திருச்சிக்காரர்கள் 2024-ல் நேரடியாகப் பார்த்தார்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகக்கூடிய புது டெர்மினலைப் பிரதமர் ஜனவரி 2-ம் தேதி திறந்துவைத்தார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் அதில் இறங்கலாம் என்று நினைத்திருப்பார்கள். பயணிகள் உள்ளே கால் வைத்தது ஜூன் 11-ல். இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் பளபளவென்று நின்ற கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு, பழைய டெர்மினலின் நெரிசலில் வரிசை நின்றார்கள். ஒரு டெர்மினல் இயங்க வேண்டுமென்றால் கட்டடம் முடிந்தால் போதாது. பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் வேண்டும், போதுமான வீரர்கள் வேண்டும், குடிவரவும் சுங்கமும் தங்கள் கவுன்டர்களைத் தயார் செய்ய வேண்டும். ரிப்பன் வெட்டுவதற்கு இவற்றில் எதுவும் தேவையில்லை.

மேற்பார்வை என்றால் எவ்வளவு மேலே?

நிலையத்தை நடத்துவது ஆணையம். அது சரியாக நடத்துகிறதா என்று பார்ப்பது டி.ஜி.சி.ஏ. எனும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். உரிமம் கொடுப்பது, அவ்வப்போது வந்து சோதிப்பது, ஓடுதளத்தில் விரிசல் இருந்தாலோ விளக்கு எரியாவிட்டாலோ விளக்கம் கேட்பது எல்லாம் இதன் வேலை. விபத்தை ஆராய்வது இன்னொரு அமைப்பு, ஏ.ஏ.ஐ.பி. எனும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு. வரவு செலவைத் தணிக்கை செய்வது சி.ஏ.ஜி. அதற்கும் மேல் நாடாளுமன்ற நிலைக்குழு. 1934-ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஓட்டுபவர், சோதிப்பவர், விபத்தை விசாரிப்பவர் மூவருமே ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். இன்னும் வேடிக்கை, டி.ஜி.சி.ஏ. தலைவரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ ஆணையத்தின் நிர்வாகக் குழுவில் பதவி வழி உறுப்பினர் என்று ஆணையச் சட்டமே சொல்கிறது. பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்கு மாணவர் சங்கத்திலும் ஒரு நாற்காலி! தவறு நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. வேறு துறைகளில் இப்படி இருந்தால் கேள்வி எழும் என்பதுதான் விஷயம். கூடவே, டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் கிட்டத்தட்டப் பாதி காலி என்று 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலை தெரிவித்தது. கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் விதி எவ்வளவு கறாராக இருந்து என்ன?

இந்தக் கண்காணிப்பு எதற்கு என்பதற்குத் திருச்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2018 அக்டோபர் 12, அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு, 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம், மேலெழும்பும்போது ஓடுதள முனையில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு போனது. அடிவயிறு கிழிந்த நிலையில் மணிக்கணக்கில் பறந்து, கடைசியில் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. காலையில் இடிந்த சுவரைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. விமானியின் இருக்கைச் சாய்மானம் ஓட்டத்தின் நடுவே பின்னால் சரிந்ததும், அந்தக் கணத்தில் எஞ்சினின் உந்துவிசை குறைந்ததும் பிறகு விசாரணையில் தெரியவந்தன.

அடுத்த ஊரில் அதிர்ஷ்டம் அப்படி இருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் இறங்கிய விமானம் மேட்டிலிருந்து சரிந்து விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள். விமானி வழிமுறையைப் பின்பற்றாததே முக்கியக் காரணம் என்றது விசாரணை அறிக்கை. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, 2019 ஜூலையில், ஓடுதளப் பராமரிப்புக் குறைகளுக்காக அந்த நிலையத்துக்கு டி.ஜி.சி.ஏ. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. விபத்துக்குப் பிறகு, ஓடுதள முனைகளில் விமானம் தாண்டி ஓடினாலும் தாங்கும் பாதுகாப்புப் பகுதியை 240 மீட்டருக்கு நீட்ட வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதற்கு நிலம் வேண்டும். நிலம் என்றால் மாநில அரசு.

நிலம் ஒரு கையில், ஓடுதளம் இன்னொரு கையில்

திருச்சி ஓடுதளத்தின் நீளம் 8,136 அடி. பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு வந்துபோக இதை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்பது பல ஆண்டுக் கனவு. அதற்கான நிலத்தில் தனியார் பட்டா இருக்கிறது, அரசு நிலம் இருக்கிறது, பாதுகாப்புத் துறையின் நிலமும் இருக்கிறது. பட்டா நிலத்துக்கு இழப்பீடு கொடுத்து வாங்கித் தருவது மாநில வருவாய்த் துறை. ராணுவ நிலத்துக்கு மாற்று நிலம் காட்ட வேண்டியதும் மாநிலம். வாங்கி முடித்த பிறகு, அதன்மேல் எப்போது தார் போடுவது என்று தீர்மானிப்பது டெல்லி. வீட்டையும் கிணற்றையும் விட்டுக்கொடுத்தவர், ‘எப்போதான் வேலையைத் தொடங்குவீங்க?’ என்று தாசில்தாரைக் கேட்டால் அவர் ஏர்போர்ட்டைக் காட்டுவார். ஏர்போர்ட்டில் கேட்டால் ‘நிலம் இன்னும் முழுசா கைக்கு வரலையே’ என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும் என்பதுதான் கொடுமை.

நிலத்தைக் கொடுக்கும் மாநிலத்துக்கு என்ன கிடைக்கும் என்ற சண்டையும் இதோடு சேர்ந்ததுதான். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் திட்டப் பட்டியலில் திருச்சி, மதுரை, கோவை மூன்றும் இருந்தன. அதற்கு முன்பே அகமதாபாத், லக்னோ, மங்களூரு, ஜெய்ப்பூர், குவாஹாட்டி, திருவனந்தபுரம் ஆகிய ஆறும் 50 ஆண்டுக் குத்தகைக்குப் போயிருந்தன. ‘மக்கள் பணத்தில் நிலம் வாங்கி இலவசமாகக் கொடுக்கிறோம், அதை நாளைக்குத் தனியாருக்கு விட்டால் எங்களுக்கும் பங்கு வேண்டும்’ என்று தமிழ்நாடு அரசு கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. கோவை விரிவாக்கம் இழுத்ததற்கு இந்த நிபந்தனைப் பேச்சும் ஒரு காரணம். தனியார் கைக்குப் போனாலும் கோபுரத்தில் ஆணையத்தின் ஆள்தான் இருப்பார், வாசலில் அதே சி.ஐ.எஸ்.எஃப். தான், சுங்கமும் குடிவரவும் அப்படியேதான். மாறுவது கடை வாடகை, பார்க்கிங், பராமரிப்பு, கட்டணம்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட் விலைக்குள் ‘யு.டி.எஃப்.’ என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அது பயணியிடம் விமான நிலையத்துக்காக வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம். ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல் வரும் நிலையங்களுக்கு அதை நிர்ணயிப்பது ‘ஏரா’ எனும் ஒழுங்குமுறை ஆணையம். 2008 சட்டத்தில் இந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது. 2019-ல் உயர்த்தினார்கள். ஏரா ஒரு கட்டணத்தை முடிவு செய்யும் முன் கணக்கு விவரத்தை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று கூப்பிடும். வரம்புக்குக் கீழே உள்ள நடுத்தர ஊர் நிலையங்களுக்குப் பொதுவாக அமைச்சகமே முடிவு செய்துவிடும். சிறிய ஊர்ப் பயணிக்குக் கேள்வி கேட்கும் மேடை ஒன்று குறைந்தது.

மாநில அரசின் பங்கு நிலத்தோடு முடியவில்லை. விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராது. அதன்மேல் தமிழ்நாடு போடும் வாட் வரி 29 சதவீதம். உடான் திட்ட விமானங்களுக்கு மட்டும் அது 1 சதவீதம். அந்தத் திட்டத்தில் நஷ்டத்தை ஈடுகட்டும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கும் மாநிலத்துடையது. இவ்வளவு செய்தும் விமானம் வருமா, வராதா என்பது விமான நிறுவனத்தின் கணக்கைப் பொறுத்தது. சேலம் காமலாபுரத்தில் 2018 மார்ச்சில் சேவை தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. இடையில் கட்டடமும் காவலும் இருந்தன. விமானம்தான் இல்லை.

ஊராட்சியும் மாநகராட்சியும்கூட இதில் உண்டு. நிலையத்தைச் சுற்றி வீடு கட்டுபவர்கள் எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதற்கு ஆணையம் வண்ண வரைபடம் தயாரித்துக் கொடுத்திருக்கும். அந்த வரம்பைத் தாண்டினால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மாடி கட்டி முடித்த பிறகு மொபைல் டவர் வைக்க இடம் விட்டவர்கள் சிலர் இந்தச் சிக்கலில் மாட்டுவது வழக்கம். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை இழுக்கும்படி இறைச்சிக் கழிவோ குப்பையோ கொட்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கு அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. ஒரு பருந்து எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விமானிக்குத் தெரியும். ஆனால் குப்பை வண்டியை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது மாநகராட்சி.

ஊருக்கென்று ஒரு நாற்காலி

இத்தனைக்கும் நடுவில் உள்ளூர்க்காரர்கள் உட்கார ஒரே ஓர் இடம் இருக்கிறது. விமான நிலைய ஆலோசனைக் குழு. தொகுதி எம்.பி. தலைவர். விமான நிலைய இயக்குநர் கூட்டத்தைக் கூட்டுவார். சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட நிர்வாகம், காவல் துறை, வணிகர் சங்கப் பிரதிநிதிகள் என்று உட்காருவார்கள். டெர்மினல் வாசல் வரை டவுன் பஸ் வர வேண்டும், வழியனுப்ப வருபவர்கள் உட்கார நிழல் வேண்டும், டாக்ஸிக்காரர்கள் தகராறு, கழிவறை, குடிநீர் என்று சின்னச் சின்ன விஷயங்கள் இங்கேதான் பேசப்பட்டுத் தீர்கின்றன. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு வந்து நிற்பவருக்கு ஒரு நாற்காலி பெரிய விஷயம். பெரிய விஷயங்களில்தான் குழுவுக்குப் பெயருக்கேற்றபடி ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்.

மதுரையில் இதிலும் ஒரு விசித்திரம். மதுரை விமான நிலையம் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு திருப்பரங்குன்றம், விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் போய்விட்டது. அதனால் மதுரை ஏர்போர்ட் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் விருதுநகர் எம்.பி.! ஏர்போர்ட் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மதுரைக்காரர்கள் விருதுநகர் எம்.பி.யைத் தேட வேண்டும்.

மதுரைக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வெளிநாட்டு நிறுவனங்களின் விமானம் ஏன் வருவதில்லை என்று கேட்காத ஆளில்லை. கட்டடம் சின்னதென்றும் ஓடுதளம் போதாதென்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முக்கியக் காரணம் ஒரு காகிதம். இரு நாடுகளுக்கு இடையேயான விமான ஒப்பந்தத்தில், அந்த நாட்டு விமானங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கும் இடங்களில் மதுரை இல்லை. பட்டியலில் ஊரைச் சேர்ப்பது மத்திய அரசின் கொள்கை முடிவு. இதை எத்தனை கூட்டத்தில் தீர்மானம் போட்டாலும் ஆலோசனைக் குழுவால் செய்ய முடியாது. பரிந்துரைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

வேறு மாதிரி நடத்த முடியாதா என்றால், பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1999 மே 25-ல் திறந்த கொச்சி நெடும்பாச்சேரி விமான நிலையம் ஒரு கம்பெனி. கேரள அரசுக்குப் பெரிய பங்கு, முதலமைச்சரே தலைவர். வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் உழைக்கும் ஆயிரக்கணக்கான மலையாளிகள் தங்கள் சேமிப்பைப் போட்டுப் பங்குதாரர் ஆனார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களும் ஓட்டுப் போடலாம். ஊர்க்காரனுக்கு உரிமை என்பது அங்கே பங்குப் பத்திரமாகக் கையில் இருக்கிறது. குறை இல்லாமலும் இல்லை. கம்பெனி என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று அவர்கள் வாதாடினார்கள். பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. காசு போட்டவர்களுக்குக் கணக்குத் தெரியும், காசு போடாமல் டிக்கெட் மட்டும் வாங்குபவர்?

அந்த வகையில் திருச்சிப் பயணிக்கு ஒரு வசதி. ஆணையம் முழுக்க அரசு அமைப்பு என்பதால் தகவல் உரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். ஆலோசனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானித்தார்கள், அதில் எது நிறைவேறியது என்று கேட்கலாம். ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது என்றும் கேட்கலாம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெட்டி உடைந்தது, விமானம் தாமதம், கழிவறை மோசம் போன்ற புகார்களுக்கு ‘ஏர்சேவா’ செயலி இருக்கிறது. புகார் எந்தத் துறையுடையது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பிரித்து அனுப்புவார்கள்.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு டீக் கதை. ஏர்போர்ட்டில் டீ விலை அநியாயம் என்று பல ஆண்டாக எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்கள். 2024 கடைசியில் ஒரு மாநிலங்களவை உறுப்பினர் அதை அவையில் எழுப்பினார். அந்த டிசம்பரிலேயே கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ என்று மலிவுக் கடையைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய்.

ஆர்.டி.ஐ. விண்ணப்பத்துக்கும் கட்டணம் அதே 10 ரூபாய்தான்.